ஒளிப்படக்கருவிகளில் படிம உணரிகள்

படிம உணரி என்பது வில்லையின் வழியாக வந்து விழும் ஒளியை மின் குறிகையாக மாற்றும் குறைகடத்திக் கருவி ஆகும். முன்பு ஒளிப்படச் சுருள் செய்த வேலையை எண்ணிம ஒளிப்படக்கருவியில் இதுவே செய்கின்றது. கைபேசி, மகிழுந்து, மருத்துவக் கருவி, தொழிற்சாலைச் சோதனை மேசை, செயற்கைக்கோள் ஆகிய எல்லாவற்றிலும் உள்ள படக்கருவிகளுக்கு இதுவே கண்.

ஒளிப்படக்கருவியின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் பெயரும், அதனுள் இருக்கும் உணரியைச் செய்தவரின் பெயரும் பெரும்பாலும் வேறுவேறானவை. உலகில் படிம உணரிகளைச் செய்யும் நிறுவனங்கள் மிகச் சிலவே. அவற்றை வாங்கிப் பயன்படுத்துவோரோ மிகப் பலர். இதனால் உணரியை எங்கிருந்து, எவ்வகை உடன்பாட்டில் பெறுவது என்பது படக்கருவி செய்வோரின் முதன்மையான முடிவுகளுள் ஒன்றாக உள்ளது. படத்தின் தரம், விலை, பழுது நீக்கும் வசதி, சில வேளைகளில் நிறுவனத்தின் வாழ்வு ஆகியனவும் அம்முடிவைச் சார்ந்துள்ளன.

செயற்படும் முறை

படிம உணரி சிலிக்கான் தகட்டின் மீது வரிசை வரிசையாக அமைக்கப்பட்ட நுண்ணிய ஒளியுணர் கலங்களைக் கொண்டது. ஒவ்வொரு கலமும் படவணு எனப்படும். ஒளி சிலிக்கானில் படும்போது எதிர்மின்னிகள் விடுபடுகின்றன. அதிக ஒளி பட்ட படவணுவில் அதிக எதிர்மின்னிகள் சேரும். திறப்பு நேரம் முடிந்ததும் அவற்றின் அளவு மின்னழுத்தமாக மாற்றப்பட்டு, பின்னர் எண்ணாக மாற்றப்படுகின்றது. இந்த எண்களின் அணியே படம் ஆகும்.

இதனை மழை பெய்யும் வெளியில் வரிசையாக வைத்த வாளிகளுக்கு ஒப்பிடலாம். குறித்த நேரம் கழிந்தபின் ஒவ்வொரு வாளியிலும் உள்ள நீரை அளந்தால் எந்த இடத்தில் எவ்வளவு மழை பெய்தது என்பது தெரியும். அளக்கும் முறையில்தான் இருவகை உணரிகளும் வேறுபடுகின்றன.

* சி.சி.டி. உணரியில் ஒரு வாளியின் நீர் அடுத்த வாளிக்கு ஊற்றப்பட்டு, வரிசையின் முனைக்கு வந்தபின் அங்குள்ள ஒரே அளவியால் அளக்கப்படுகின்றது. எல்லாப் படவணுக்களும் ஒரே அளவியைப் பயன்படுத்துவதால் சீர்மை மிகுதி. ஆனால் மின்செலவு அதிகம், வேகம் குறைவு.
* சிமாஸ் உணரியில் ஒவ்வொரு வாளிக்கும் சொந்தமாக ஒரு சிறு அளவி உண்டு. இங்கு மின்செலவு குறைவு, வேகம் அதிகம். கணினிச் சில்லுகளைச் செய்யும் அதே ஆலை முறைகளால் இதனைச் செய்யலாம். அளவிகளுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடுகளைத் திருத்துவது தொடக்கத்தில் பெரும் சிக்கலாக இருந்தது.

சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. எனவே ஒவ்வொரு படவணுவின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டி பூசப்படுகின்றது. நான்கு படவணுக்களுள் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என அமையும் ஒழுங்கை கோடாக் நிறுவனத்தின் பிரைசு பேயர் உருவாக்கினார். இதற்கான காப்புரிமை 1976 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. மனிதக் கண் பச்சை நிறத்திற்கு மிகுதியாக உணர்வுடையது என்பதே பச்சை இருமடங்காக இருப்பதற்குக் காரணம். ஒவ்வொரு படவணுவிலும் விடுபட்ட மற்ற இரு நிறங்களையும் அண்டைப் படவணுக்களிலிருந்து கணித்து நிரப்புவது படக்கருவியில் உள்ள செயலியின் வேலை.

வரலாறு

சி.சி.டி. கருவியை 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், சியார்ச்சு சிமித் ஆகியோர் உருவாக்கினர். இதற்காக இருவரும் 2009 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1975 ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சிடீவன் சாசன் முதல் கையடக்க எண்ணிம ஒளிப்படக்கருவியைச் செய்தார். அதில் இருந்த சி.சி.டி. 100 × 100 படவணுக்களை, அதாவது மொத்தம் 10,000 படவணுக்களை மட்டுமே கொண்டது. அந்த உணரி கோடாக்கின் சொந்தப் பொருள் அன்று. பேர்ச்சைல்டு நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது. ஆக, உணரியை வெளியிலிருந்து வாங்கும் வழக்கம் முதல் எண்ணிம ஒளிப்படக்கருவியிலேயே தொடங்கிவிட்டது.

1991 ஆம் ஆண்டு கோடாக் வெளியிட்ட டி.சி.எஸ். கருவியில் நிலைமை தலைகீழானது. அதன் உடல் நைக்கான் எப்3. உள்ளே இருந்த 13 இலட்சம் படவணு உணரி கோடாக்கினுடையது. 1993 ஆம் ஆண்டளவில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் செட் உந்துகை ஆய்வுக்கூடத்தில் எரிக் பாசமும் அவருடைய குழுவினரும் இன்றைய சிமாஸ் உணரிகளின் அடிப்படையை உருவாக்கினர். 2000 ஆம் ஆண்டில் கேனான் தன் சொந்தச் சிமாஸ் உணரியுடன் டி30 கருவியை வெளியிட்டது. சோனி 2009 ஆம் ஆண்டு பின்புறம் ஒளிவாங்கும் உணரிகளையும், 2012 ஆம் ஆண்டு ஒளியுணர் அடுக்கும் கணிப்பு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட உணரிகளையும் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று வருமான அடிப்படையில் உலகப் படிம உணரிச் சந்தையில் ஏறத்தாழப் பாதி சோனியின் கையில் உள்ளது. சாம்சங், ஆம்னிவிசன், ஆன்செமி முதலியன ஏனைய முதன்மை நிறுவனங்கள்.

விலையைத் தீர்மானிக்கும் காரணிகள்

உணரிகள் பொதுவாக 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வட்டத் தகடுகளில் செய்யப்படுகின்றன. இத்தகைய தகடொன்றின் பரப்பு ஏறத்தாழ 70,700 சதுர மில்லிமீட்டர். பழைய 35 மில்லிமீட்டர் சுருளின் சட்ட அளவாகிய 36 × 24 மில்லிமீட்டர் கொண்ட முழுச்சட்ட உணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 81 வரும். வட்டத்தின் ஓரங்கள் வீணாவதால் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவே. 6 × 5 மில்லிமீட்டர் அளவுள்ள கைபேசி உணரியாயின் அதே தகட்டிலிருந்து இரண்டாயிரத்திற்கும் மேல் கிடைக்கும்.

தகட்டில் விழும் ஒரு தூசு ஓர் உணரியைக் கெடுக்கும். ஒரு தகட்டில் 20 இடங்களில் குறை ஏற்பட்டால், கைபேசி உணரிகளில் நூற்றுக்கு ஒன்றே வீணாகும். முழுச்சட்ட உணரிகளில் நான்கில் ஒன்றுக்கு அண்மையாக வீணாகக்கூடும். மேலும், சில்லு ஆலைகளில் உள்ள அச்சுப்பொறிகள் ஒரு தடவையில் அச்சிடக்கூடிய பரப்பு 26 × 33 மில்லிமீட்டர் ஆகும். முழுச்சட்ட உணரி இதனுள் அடங்காது. அதனை இருமுறையாக அச்சிட்டு நடுவில் பிசகின்றி இணைக்க வேண்டும். பெரிய உணரியின் விலை பரப்பின் விகிதத்தைவிட வேகமாக ஏறுவதற்கு இவையே காரணங்கள்.

கொள்முதல் முறைகள்

படக்கருவி செய்வோர் உணரியைப் பெறும் வழிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சொந்தமாகச் செய்தல்: கேனான் தன் பெரிய உணரிகளைத் தானே வடிவமைத்துத் தன் ஆலைகளிலேயே செய்கின்றது. சில்லுகளை அச்சிடும் பொறிகளைச் செய்யும் நிறுவனமாகவும் அது இருப்பது இதற்குத் துணையாயிற்று. சோனி தன் கருவிகளுக்கும் பிறருக்கும் செய்கின்றது. இம்முறையில் கட்டுப்பாடு முழுமையாகக் கிடைக்கும். ஆனால் ஆலைக்கான பெரும் முதலீட்டைத் தாங்க வேண்டும்.

தாம் வடிவமைத்துப் பிறரைக் கொண்டு செய்வித்தல்: நைக்கானுக்குச் சொந்த உணரி ஆலை இல்லை. ஆயினும் அதன் உயர்நிலைக் கருவிகள் பலவற்றின் உணரிகளை அதன் பொறியாளர்களே வடிவமைக்கின்றனர். 2017 ஆம் ஆண்டு வெளிவந்த டி850 கருவியின் உணரி இவ்வகையினது; நைக்கான் வடிவமைப்பு, சோனி ஆக்கம். நைக்கான் ஒருவரையே நம்பியிருக்கவும் இல்லை. டி5200 கருவியைப் பிரித்து ஆய்ந்தபோது அதனுள் தோசிபா செய்த உணரி இருந்தது.

ஆயத்தமான உணரியை வாங்குதல்: உணரி நிறுவனம் தன் விற்பனைப் பட்டியலில் வைத்திருக்கும் உணரியை அப்படியே வாங்குவது. சிறு நிறுவனங்களுக்கு இதுவே இயலும் வழி. சில நிறுவனங்கள் வாங்கும் உணரியில் ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தருமாறு கேட்பதும் உண்டு. பியூசிபில்ம் 2012 ஆம் ஆண்டு முதல் பேயர் ஒழுங்குக்கு மாறாக 6 × 6 படவணுக்கள் கொண்ட தனக்கேயுரிய நிற வடிகட்டி ஒழுங்கைப் பயன்படுத்தி வருவது இதற்கு எடுத்துக்காட்டு.

உணரி நிறுவனத்தையே வாங்குதல்: சிக்மா நிறுவனம் 2002 ஆம் ஆண்டு முதல் தன் கருவிகளில் போவியான் நிறுவனத்தின் மூவடுக்கு உணரியைப் பயன்படுத்தியது. அதனைப் பயன்படுத்துவோர் வேறு எவரும் பெருமளவில் இல்லாத நிலையில், 2008 ஆம் ஆண்டு அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது.

தொகுதியாக வாங்குதல்: கைபேசி செய்வோர் உணரியைத் தனியே வாங்கிப் பொருத்துவதில்லை. உணரி, வில்லை, குவியத்தை நகர்த்தும் நுண்ணிய இயக்கி, இணைப்புப் பட்டை ஆகியன தூசு புகாத அறையில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட படக்கருவித் தொகுதியாகவே வாங்குகின்றனர். உணரியை ஒருவர், வில்லையை ஒருவர், தொகுப்பை வேறொருவர் என மூன்று நாட்டினர் இதில் பங்குபெறுவது வழக்கம்.

ஒரே உணரி, வெவ்வேறு படங்கள்

உணரி ஒன்றாக இருப்பின் படமும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதுவது சரியன்று. சோனியின் 60 இலட்சம் படவணு சி.சி.டி. வகை 2002 ஆம் ஆண்டு முதல் நைக்கான் டி100, பென்டாக்சு இசுட் டி, கொனிக்கா மினோல்ட்டா 7டி ஆகிய கருவிகளில் இடம்பெற்றது. ஆனால் அவற்றின் படங்களில் நிறம், கூர்மை, இருளான பகுதிகளில் தோன்றும் இரைச்சல் ஆகியன வேறுபட்டன. உணரியைப் பெற்றபின் படக்கருவி செய்வோர் செய்யும் பின்வரும் வேலைகளே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

* உணரியின் முன் வைக்கப்படும் கண்ணாடி. சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களையும் உணரும். அவற்றைத் தடுக்கும் வடிகட்டி எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். நெய்த துணி போன்ற நுண்கோடுகளில் பொய்யான வரிகள் தோன்றாமல் படத்தைச் சற்றே மழுக்கும் மற்றொரு வடிகட்டியும் சில கருவிகளில் உண்டு.
* மின் குறிகையைப் பெருக்குதலும் எண்ணாக்குதலும். உணரிக்கு வெளியே எண்ணாக்கும் கருவிகளில் அச்சுற்றின் தரம் இரைச்சலைத் தீர்மானிக்கின்றது.
* பழுதான படவணுக்களைக் குறித்தல். பல இலட்சம் படவணுக்களுள் சில எப்போதும் பழுதாகவே இருக்கும். ஆலையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அவற்றின் இடங்கள் பதிவு செய்யப்பட்டு, அவ்விடங்கள் அண்டைப் படவணுக்களைக் கொண்டு நிரப்பப்படுகின்றன.
* நிறக் கணிப்பு. மனிதத் தோல், வானம், இலை ஆகியவற்றின் நிறம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் முடிவு ஆகும்.
* வெப்பத்தைக் கடத்துதல். உணரி சூடாகும்போது ஒளி இல்லாமலேயே எதிர்மின்னிகள் தோன்றுகின்றன. நெடுநேரம் நிகழ்படம் எடுக்கும் கருவிகளில் இதனைத் தவிர்க்கும் உடலமைப்பு தேவை.

கொள்முதல் சார்ந்த இடர்கள்

2005 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கேனான், நைக்கான், கொனிக்கா மினோல்ட்டா, பியூசிபில்ம் முதலிய பல நிறுவனங்கள் தம் சில கருவிகளை இலவசமாகப் பழுது நீக்கித் தருவதாக அறிவித்தன. போட்டி நிறுவனங்கள் ஒரே காலத்தில் ஒரே பழுதை அறிவித்ததற்குக் காரணம், அவை எல்லாவற்றிலும் சோனியின் சி.சி.டி. உணரிகள் இருந்தமையே. உணரியின் உறைக்குள் இருந்த நுண்கம்பி இணைப்பு வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் விடுபட்டு, படம் சிதைந்தோ முற்றிலும் தோன்றாமலோ போயிற்று. வெம்மையும் கடற்கரை ஈரமும் சேர்ந்த தமிழக, ஈழச் சூழலில் இத்தகைய குறைகளின் தாக்கம் மிகுதியாக இருக்கும் என்பது கருதத்தக்கது.

2009 ஆம் ஆண்டு வெளிவந்த லைக்கா எம்9 கருவியில் கோடாக்கின் சி.சி.டி. இருந்தது. அதன் காப்புக் கண்ணாடி ஈரத்தால் அரிக்கப்பட்டுப் படங்களில் புள்ளிகள் தோன்றின. 2014 ஆம் ஆண்டு லைக்கா இக்குறையை ஏற்று உணரிகளை மாற்றித்தர முன்வந்தது. அதற்குள் கோடாக் தன் உணரிப் பிரிவை 2011 ஆம் ஆண்டு விற்றுவிட்டது; வாங்கிய நிறுவனம் 2014 ஆம் ஆண்டு மீண்டும் கைமாறியது. விலையுயர்ந்த ஒரு கருவியின் ஆயுள், அதனைச் செய்தவர் கையில் இல்லாத ஓர் உறுப்பைச் சார்ந்திருப்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

2016 ஆம் ஆண்டு ஏப்ரல் 14, 16 ஆகிய நாள்களில் சப்பானின் குமமோட்டோ பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கங்களால் அங்கிருந்த சோனியின் உணரி ஆலை நின்றது. வேலைகள் மே மாதம் முதல் படிப்படியாகவே மீண்டும் தொடங்கின. சோனியின் கருவிகள் மட்டுமன்றி, அதன் உணரிகளை நம்பியிருந்த பிற நிறுவனங்களின் கருவிகளும் சந்தைக்கு வரத் தாமதமாயின.

உற்பத்தி நிறுத்தமும் ஓர் இடரே. 2015 ஆம் ஆண்டு சோனி தன் சி.சி.டி. உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பொது நுகர்வோர் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரே வகைக் கருவியைப் பல ஆண்டுகள் விற்கும் தொழிற்சாலைப் படக்கருவி நிறுவனங்களும் மருத்துவக் கருவி நிறுவனங்களும் தம் வடிவமைப்புகளைப் புதிய உணரிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டியதாயிற்று. எனவே இத்துறையினர் உணரியின் தரத்தை மட்டுமன்றி, அது எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்னும் உறுதியையும் கேட்டே வாங்குகின்றனர்.

இந்தியாவில்

இந்தியாவில் படிம உணரிகளைத் தேர்ந்து வாங்கிப் படக்கருவி செய்யும் பணி விண்வெளித் துறையில்தான் முதலில் வளர்ந்தது. 1979 ஆம் ஆண்டு ஏவப்பட்ட பாசுகரா-1 செயற்கைக்கோளில் தொலைக்காட்சி வகைக் குழாய்ப் படக்கருவிகள் இருந்தன. 1983 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ஏவுகலத்தில் சென்ற ரோகிணி ஆர்.எஸ்-டி2 திண்ம நிலை உணரி கொண்ட படக்கருவியைச் சுமந்தது. நீர், பயிர்வளம், வெறுநிலம், முகில் ஆகியவற்றைத் தானே பிரித்தறிய முயன்ற அக்கருவி 2,500க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. ஸ்ரீஅரிக்கோட்டா ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்ததாயினும், திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பகுதிகளுக்கு அண்மையில் பழவேற்காடு ஏரிக்கு அப்பால் அமைந்துள்ளது.

1988 ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளின் லிஸ்-1 படக்கருவி, 2,048 படவணுக்கள் ஒரே வரிசையாக அமைந்த சி.சி.டி. உணரிகளைக் கொண்டிருந்தது. இவை அமெரிக்காவின் பேர்ச்சைல்டு நிறுவனம் செய்தவை. கருவியோ அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் வடிவமைக்கப்பட்டது. ஒரு வரிசை உணரியால் நிலப்பரப்பின் படத்தை எடுப்பது எவ்வாறு என்பது எளிய கணக்கால் விளங்கும். ஒவ்வொரு படவணுவும் தரையில் 72.5 மீட்டரைக் காணும். 2,048 படவணுக்களும் சேர்ந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கோட்டைக் காணும். செயற்கைக்கோளின் நிழல் தரையில் நொடிக்கு ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் நகர்வதால், 72.5 மீட்டரைக் கடக்க நொடியின் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுந்த நேரமாகும். அந்நேரத்திற்கு ஒரு கோடு என எடுத்து அடுக்கினால் படம் உருவாகும். செயற்கைக்கோளின் நகர்ச்சியே படத்தின் நீளத்தைத் தருகின்றது.

இதே கணக்கு பின்வந்த கருவிகளுக்கும் பொருந்தும். 2005 ஆம் ஆண்டு மே 5 அன்று ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இல் படவணு ஒன்றுக்கு 2.5 மீட்டர், 12,000 படவணுக்களுக்கு 30 கிலோமீட்டர். 2008 ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று சென்ற சந்திரயான்-1 இன் நிலவரைபடக் கருவியில் படவணு ஒன்றுக்கு 5 மீட்டர். 4,000 படவணுக்களுக்கு 20 கிலோமீட்டர். 2013 ஆம் ஆண்டு ஏவப்பட்ட செவ்வாய்ச் சுற்றுகலனின் வண்ணப் படக்கருவி, பொதுச் சந்தைக் கருவிகளைப் போலவே பேயர் ஒழுங்கில் அமைந்த 2,048 × 2,048 படவணு உணரியைக் கொண்டிருந்தது.

வெளிநாட்டு உணரியை நம்பியிருப்பதன் அரசியல் இடரும் இத்துறையில் வெளிப்பட்டது. 1998 ஆம் ஆண்டு மே மாத அணுவெடிப்புச் சோதனைகளுக்குப் பின் இசுரோவின் நிறுவனங்கள் பலவும் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2011 ஆம் ஆண்டு சனவரியில்தான் எஞ்சியவை அதிலிருந்து நீக்கப்பட்டன.

உள்நாட்டில் சில்லு செய்யும் முயற்சியாக மொகாலியில் நிறுவப்பட்ட குறைகடத்தி நிறுவனம் 1984 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. 1989 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏற்பட்ட தீ விபத்து அதன் ஆலையை அழித்தது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டு, 2006 ஆம் ஆண்டு குறைகடத்தி ஆய்வகம் என்னும் பெயரில் விண்வெளித் துறையின் கீழ் வந்தது. இங்குள்ள 180 நானோமீட்டர் ஆலை விண்வெளிப் பயன்பாட்டுக்கான சில்லுகளைச் செய்கின்றது. பொதுச் சந்தையில் விற்கும் அளவிற்குப் படிம உணரிகளைச் செய்யும் ஆலை இந்தியாவில் இல்லை. 2021 ஆம் ஆண்டு திசம்பரில் நடுவண் அரசு 76,000 கோடி ரூபாய் மதிப்பிலான குறைகடத்தித் திட்டத்தை அறிவித்தது.

தமிழ்நாட்டில்

சுருள் காலத்தில் தமிழ்நாட்டுக்கு ஒளிப்படத் துறையில் தனியிடம் இருந்தது. 1960 ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் ஒளிப்படச் சுருள்களையும் ஊடுகதிர்ச் சுருள்களையும் செய்தது. எண்ணிம முறையின் பரவல் அதன் மறைவுக்குக் காரணங்களுள் ஒன்று. ஒளியுணர் பொருளை நாட்டுக்குள்ளேயே செய்த நிலை மாறி, அது முற்றிலும் இறக்குமதிப் பொருளானது. சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலும், ஒளிப்படத் தகடுகளின் இடத்தை நீர்ம நைதரசனால் குளிர்விக்கப்படும் சி.சி.டி. உணரிகள் பிடித்தன.

சென்னையில் 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இ-கான் சிஸ்டம்ஸ், ஆயத்த உணரிகளை வாங்கிப் படக்கருவி செய்யும் நிறுவனத்திற்கு எடுத்துக்காட்டு ஆகும். சோனி, ஆன்செமி, ஆம்னிவிசன் ஆகியவற்றின் உணரிகளைக் கொண்டு, பிற கருவிகளுக்குள் பொருத்தத்தக்க சிறு படக்கருவிப் பலகைகளை அது வடிவமைக்கின்றது. உணரி வெளிநாட்டினுடையது எனினும், அதனை இயக்கும் மின்சுற்று, மென்பொருள், படச் சீரமைப்பு ஆகியன இங்கு செய்யப்படுகின்றன.

திருப்பெரும்புதூர்ப் பகுதியில் 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் கைபேசி ஆலை இயங்கியது. பின்னர் பாக்சுகான் அப்பகுதியில் ஆப்பிள் கைபேசிகளைத் தொகுக்கத் தொடங்கியது. இவ்வாலைகளில் படக்கருவி பொருத்தப்படுகின்றது, உணரி செய்யப்படுவதில்லை. படக்கருவித் தொகுதிகளின் தொகுப்பையேனும் இந்தியாவுக்குள் கொண்டுவரும் நோக்கத்துடன் 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில் நடுவண் அரசு அவற்றின் மீது 10 விழுக்காடு சுங்கவரி விதித்தது.

தொழிற்சாலையில் உணரியைத் தெரிவு செய்தல்

திருப்பாச்சூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய ஊர்களைக் கொண்ட திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதி போன்ற இடங்களில் படிம உணரியை மிகுதியாகச் சந்திக்கும் இடம், பொருள்களைச் சோதிக்கும் மேசை ஆகும். நகரும் பட்டையில் வரும் உறுப்பில் கீறலோ வெடிப்போ உள்ளதா என்று படக்கருவி பார்க்கின்றது. இதற்கான உணரியைத் தெரிவு செய்யும் முறை பின்வருமாறு.

300 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையில் 0.3 மில்லிமீட்டர் கீறலைக் காண வேண்டும் எனக் கொள்வோம். கீறலை ஐயமின்றிக் காண அதன் மீது குறைந்தது மூன்று படவணுக்களேனும் விழ வேண்டும். அதாவது படவணு ஒன்றுக்கு 0.1 மில்லிமீட்டர். எனவே அகலவாக்கில் 3,000 படவணுக்கள் தேவை.

பட்டை நொடிக்கு அரை மீட்டர், அதாவது 500 மில்லிமீட்டர் நகர்கின்றது எனில், படம் கலங்காமலிருக்க ஒளிபடும் நேரத்தில் உறுப்பு ஒரு படவணுவைத் தாண்டக் கூடாது. 0.1 மில்லிமீட்டர் நகர 5,000 இல் ஒரு நொடி ஆகும். இவ்வளவு குறைந்த நேரத்தில் போதிய ஒளி கிடைக்க வலுவான விளக்கு தேவை. விளக்கிற்கு ஆகும் செலவைக் குறைக்க எண்ணினால், பெரிய படவணுக்கள் கொண்ட விலைமிகுந்த உணரியை நாட வேண்டும்.

மூன்றாவது, உணரி படத்தை வாசிக்கும் முறை. பெரும்பாலான மலிவான சிமாஸ் உணரிகள் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாக வாசிக்கின்றன. மேலிருந்து கீழ்வரை 20 மில்லிநொடி ஆகுமாயின் அதற்குள் உறுப்பு 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நேரான விளிம்பு சாய்ந்து தோன்றும். எல்லாப் படவணுக்களும் ஒரே கணத்தில் திறந்து மூடும் உணரி இதனைத் தவிர்க்கும். கைபேசி உணரியில் படவணுக்கள் பல கோடி இருப்பினும், இவ்வேலைக்கு அது பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

நான்காவதாக, உறுப்பு பழுதானால் அதே உணரி மீண்டும் கிடைக்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும். புதிய உணரி பொருத்தப்பட்டால் வில்லை, விளக்கு, மென்பொருள் அளவீடு ஆகிய அனைத்தையும் மீண்டும் சரிசெய்ய நேரும். அதுவரை சோதனை மேசை நின்றுவிடும்.

படவணுக்களின் எண்ணிக்கை உணரியின் ஒரு பண்பு மட்டுமே. படவணுவின் அளவு, வாசிக்கும் முறை, வெப்பத்தைத் தாங்கும் திறன், வழங்குபவரின் நிலைத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்தே ஓர் உணரியை மதிப்பிட இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

* எண்ணிம ஒளிப்படவியல்
* குறைகடத்தி
* ஒளிமின் விளைவு
* தொலையுணர்தல்
* இந்திய விண்வெளி ஆய்வு மையம்
* திருவள்ளூர் மாவட்டம்